கொச்சியில் மூன்றாவது பர்கர் கடை

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி போகும் சாலையில் ஜோஸ் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். காலையில் புட்டும் கடலையும், மத்தியானத்துக்கு மேல் பொரட்டாவும் பீஃப் ரோஸ்ட்டும். சமையல் பாண்டீஸ்வரன். கவுண்டரில் சிஞ்சு. அணை பார்க்க வருகிற கூட்டம் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பர்கர் இல்லையா?" என்று கேட்கும். இல்லை என்றால் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்பாமார் பெருமூச்சு விட்டு வண்டியைக் கிளப்புவார்கள்.

ஒரு மழைக்காலம் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோஸ், கடைசியில் இருவரையும் கூப்பிட்டார்.

"நிங்க ரெண்டு பேரும் கொச்சிக்குப் போணும். அங்க எந்தக் கடையில பர்கர் நல்லதுன்னு தேடிப் பிடிச்சுத் தின்னு பாக்கணும். எப்படிச் செய்யறான்னு முடிஞ்சா அடுக்களையையும் பாத்துட்டு வாங்க."

"நான் பீஃப் சமைப்பேன், திங்க மாட்டேன். ஒங்களுக்குத் தெரியும்லா," என்றார் பாண்டீஸ்வரன்.

"அதுக்குத்தான் சிஞ்சு. அவளுக்கு நல்ல நாக்கு. உப்பு ஒரு துளி கூடினாலும் சொல்லிருவா."

சிஞ்சுவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு இருபத்தைந்து வயது. கொச்சிக்கு இதற்கு முன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருமுறை போனதோடு சரி. எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்து, பிளஸ் டூ வரை படித்து, லயத்திலிருந்தே வேலைக்குப் போய் வருகிறவள். அப்பா வேதமுத்து தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிறார். அம்மா இருதயம்மாள் கொளுந்து எடுக்கிறாள். அண்ணன் டிஜோ சாமியாருக்குப் படிக்கிறான்.

கடைசியாகச் சொன்னதுதான் அந்த வீட்டின் முதல் அடையாளம். பத்தாம் வகுப்பு முடித்ததும் டிஜோ கத்தோலிக்கப் பாதிரிமார் படிக்கும் செமினாரியில் சேர்ந்தான். அன்றிலிருந்து இருதயம்மாளை எஸ்டேட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'சாமியாரம்மா' என்றுதான். மேஸ்திரிகூட அவளிடம் குரலை உயர்த்த மாட்டார். இப்போது டிஜோ ஆந்திராவில் மிஷன் பயிற்சியில் இருந்தான். லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் மட்டும் வரும். இன்னும் கொஞ்ச காலம், குருப்பட்டம் முடிந்து வந்து எஸ்டேட் கோயிலில் முதல் பூசை வைப்பான்.

கொச்சிக்குப் புறப்படும்போது அம்மா சொன்னாள், "அங்க எங்கயாச்சும் பிரதர்மாரப் பாத்தா அண்ணனுக்குச் சொகமான்னு கேளு. அவங்களுக்குள்ள பேசிக்கிடுவாங்கல்ல."

"அது பெரிய ஊரும்மா. நான் போறது பர்கர் திங்க."

"ஒரு வார்த்தை கேட்டா வாயி தேஞ்சிராது."

முதல் கடையைப் போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். இடப்பள்ளியில், கண்ணாடியும் ஏசியுமாக இருந்தது. போனில் அதற்கு நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன, கருத்துகள் ஆயிரக்கணக்கில். வந்த பர்கர் ஒரு சாண் உயரம் இருந்தது. சரியாமல் இருக்க நடுவில் ஒரு குச்சி குத்தியிருந்தார்கள். குச்சியை எடுத்ததும் எல்லாம் தட்டில் விழுந்தது.

பாண்டீஸ்வரன் தன் சிக்கன் பர்கரை எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதத் திங்க இன்னொரு வாய் வாடகைக்கு எடுக்கணும்."

நடுவில் வைத்த கறித் தட்டையை 'பேட்டி' என்றார்கள். சிஞ்சு அதை மட்டும் தனியாகப் பிய்த்துத் தின்றாள். வெளியே கருகியும் உள்ளே சவசவவென்றும் இருந்தது. சாஸ்தான் எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கடை பனம்பிள்ளி நகரில். பன் கறுப்பாக, அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. பக்கத்து மேசையில் இரண்டு பெண்கள் சாப்பிடாமல் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சிஞ்சு ஒரு கடி கடித்துவிட்டுத் தண்ணீர் தேடினாள். அவள் முகத்தைப் பார்த்த அந்தப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள்.

"இங்க படத்துக்குத்தான் வருவோம். திங்கணும்னா கலூர் போங்க. டயர்க் கடைக்குப் பின்னாடி நிமியோட கடை. உக்கார எடம் இருக்காது, நின்னுதான் திங்கணும்," என்று மலையாளத்தில் சொன்னாள்.

நிமியின் கடை உண்மையிலேயே ஒரு வண்டி நிறுத்தும் கொட்டகை அளவுதான். வெயிலில் வரிசை நின்றது. காலேஜ் பிள்ளைகள், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய டெலிவரிக்காரர்கள், சேலையில் ஒரு வங்கி அம்மா. எல்லோரும் காகிதத்தில் சுற்றிய பர்கரை நின்றுகொண்டே தின்றார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

சிஞ்சு முதல் கடி கடித்தாள். பன் வெண்ணெயில் வாட்டி, ஓரம் மட்டும் மொறுமொறுவென்று இருந்தது. கறியை உருட்டிச் சூடான இரும்புத் தட்டில் போட்டு அழுத்தியிருக்க வேண்டும். விளிம்பு சரிகை மாதிரி முறுகி, நடுவே சாறு நின்றது. வெங்காயத்தைக் கறியோடு சேர்த்தே கருக்கியிருந்தார்கள். சாஸ் இருந்ததா என்றுகூடத் தோன்றவில்லை. பாண்டீஸ்வரன் தன் சிக்கன் பர்கரை முடித்துவிட்டுக் காகிதத்தையும் வழித்தார்.

கடைக்காரி நிமி முப்பத்தைந்து வயதிருப்பாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இவர்கள் தின்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்து எப்படி என்று கேட்டாள்.

"இதுவரைக்கும் தின்னதுல இதுதான் பர்கர். ஆனா ஊறுகா வெள்ளரிக்கா கொஞ்சம் இனிப்பா இருக்கு. கறியோட ருசிய அது பாதியில இழுத்துட்டுப் போகுது," என்றாள் சிஞ்சு.

நிமி அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "நேத்து ஊறுகாக் கம்பெனி மாத்தினேன். யாருமே கண்டுபிடிக்கல. எந்த ஊரு?"

"மூணாறு."

"அப்படியா. என்னோட அடுப்புக்காரனும் அந்தப் பக்கம்தான்."

பாண்டீஸ்வரனுக்கு அது போதுமாயிருந்தது. "எங்க முதலாளி பர்கர் போடணும்னு அனுப்பிருக்காரு. அடுக்களைய ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா? ஒளிச்சு வைக்காம சொல்லிட்டேன்."

நிமி சிரித்தாள். "மூணாறுக்காரன் கொண்டுபோனா எனக்கென்ன நட்டம்? வாங்க."

தகரக் கதவைத் தாண்டும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "ரெண்டு டபுள், ஒண்ணு வெங்காயம் இல்லாம." மலையாளத்தில்தான் சொன்னது. ஆனால் எஸ்டேட் கோயிலில் கிறிஸ்துமஸ் ராத்திரி வாசகம் வாசித்த குரல் அது. சிஞ்சுவின் கால் தானாக நின்றது.

கறுப்புத் தொப்பி, கறுப்பு ஏப்ரன், முழங்கை வரை எண்ணெய். அவன் இரும்புத் தட்டில் கறியை அழுத்திக்கொண்டு நின்றான். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகை அவளுக்குத் தெரியும். யாரோ அண்ணன் மாதிரி இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். இப்படி ஒரே மாதிரி இருப்பார்களா, அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

"டிஜோ, உங்க ஊர்க்காரங்க வந்திருக்காங்க," என்றாள் நிமி.

அவன் திரும்பினான்.

கையில் பிடித்த கரண்டி பிடித்தபடியே இருந்தது. பின்னால் தட்டில் கறி புகைந்தது, யாரும் திருப்பவில்லை. நிமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

"பின்னாடி போய்ப் பேசுங்க," என்றாள்.

கடைக்குப் பின்னால் காலி சிலிண்டர்களும் வெங்காய மூட்டைகளும் கிடந்தன. மூன்று பேரும் அங்கே நின்றார்கள். சிஞ்சுவின் வாயில் இன்னும் வெண்ணெய் ருசி இருந்தது.

"செமினாரியில இருந்து இங்க வேலைக்கு அனுப்பிருக்காங்களா அண்ணே?" என்று கேட்டாள். "மிஷன் மாதிரி?"

கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவன் ஆமாம் என்று சொல்ல ஒரு வழி திறந்துவிடுகிறோம் என்று. ஆமாம் என்று அவன் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். நம்பத்தான் ஆசைப்பட்டாள்.

"இல்ல," என்றான் டிஜோ. "நான் வெளிய வந்துட்டேன். போன வருஷமே."

"ஆந்திரா?"

"போகவே இல்ல."

பாண்டீஸ்வரன் ஒரு வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். "எம் மவ பொறந்தப்ப நீ லீவுல வந்தே. அவ தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுனே. அது என்னாச்சு?"

"அப்ப நான் செமினாரியிலதான் இருந்தேன் அண்ணே."

"அப்பச் சரி," என்றார் அவர். சற்று நேரம் கழித்து, "சரியா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

டிஜோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஒரு நாள் காலை ஜெபத்தில் உட்கார்ந்திருந்தபோது தனக்கு உள்ளே ஒன்றுமே இல்லை என்று தோன்றியதாகச் சொன்னான். கோபமில்லை, சந்தேகமில்லை, ஒன்றுமே இல்லை. மாதக்கணக்கில் காத்துப் பார்த்தான். பிறகு பெரிய ஃபாதரிடம் போய்ச் சொன்னான். அவர் திட்டவில்லை. பட்டம் வாங்கினபின் சொல்வதைவிட இப்போது சொன்னது நல்லது, வீட்டில் நீயே போய்ச் சொல்லு என்று சொல்லி அனுப்பினார்.

"சொல்லத்தான் வந்தேன் சிஞ்சு. மூணாறு ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ஜீப்புல ஏறப் போறேன், நம்ம லயத்து ஆளுங்க ரெண்டு பேரு எந்திரிச்சு எனக்கு எடம் விட்டாங்க. வயசானவங்க. நான் உக்கார மாட்டேன்னேன், சாமி நீங்க உக்காருங்கன்னாங்க. எறங்கி, வந்த பஸ்லயே திரும்பிட்டேன்."

"ஞாயித்துக்கிழமை போன்?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"போன்ல கோயில் மணி கேக்குமே. அம்மா ஸ்பீக்கர்ல போட்டு எல்லாருக்கும் கேக்க வைப்பா. அது எங்க இருந்து?"

"இங்க பக்கத்துல ஒரு கோயில் இருக்கு. பூசை முடியற நேரத்துக்கு அதோட முற்றத்துல போய் நின்னு பேசுவேன்."

அவன் படிப்பை விட்டது சிஞ்சுவுக்கு ஓரளவு புரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பி நடந்து, மணி அடிக்கும் நேரம் பார்த்து, அந்த முற்றத்தில் போய் நின்றதுதான் புரியவில்லை. அந்த நடையை அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நான் நர்சிங் சேரணும்னு இருந்தேன்," என்றாள். குரல் உயரவில்லை. "பெங்களூர்ல எடம் கெடச்சுது. அம்மா என்ன சொன்னா தெரியுமா? ஒருத்தனக் கடவுளுக்குக் குடுத்தாச்சு, நீயும் போனா வீட்டுல யாரு இருக்கான்னா. நானும் சரின்னேன். நீ கடவுளுக்குப் போயிருக்க, நான் அம்மாவுக்கு இருக்கேன்னு நெனச்சேன். நீ இங்க நாலஞ்சு மணி நேரத் தூரத்துல நின்னு பர்கர் போட்டுக்கிட்டு இருந்திருக்க."

"எனக்கு அது தெரியாது."

"நீ கேக்கல."

உள்ளே நிமி ஆர்டர்களைக் கூவிக்கொண்டிருந்தாள். பாண்டீஸ்வரன் எழுந்து, பின்பக்கம் ஒட்டியிருந்த வெங்காயத் தோலைத் தட்டிவிட்டார்.

"நாளைக்குக் காலையில பஸ்ஸு. நீயும் வார," என்றார்.

டிஜோ வந்தான். நேரியமங்கலம் பாலம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இறங்கிவிடலாமா என்று ஒருமுறை கேட்டான். அவனை ஜன்னலோரம் தள்ளிவிட்டு, வழியை மறித்துச் சிஞ்சு உட்கார்ந்தாள். அடிமாலியில் டீ குடிக்கவும் அவனை விடவில்லை.

லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் சாய்ந்திருந்தது. இருதயம்மாள் கொளுந்து எடுத்துவிட்டு வந்து, பூட்ஸைக் கழற்றிக் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகனைப் பார்த்ததும் செம்பு கையிலிருந்து விழுந்தது. ஓடி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள், "சாமி வந்துருக்காரு, ஆந்திராவுல இருந்து சாமி வந்துருக்காரு," என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

கதவுகள் திறந்தன. அடுத்த வீட்டு ராமலட்சுமி, இருமிக்கொண்டிருந்த கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்தாள். குழந்தையை அவன் முன்னால் நீட்டினாள். "ஒரு வாரமா நெஞ்சுச் சளி. தலையில கைய வச்சு ஒரு ஜெபம் சொல்லுங்க சாமி."

அவன் கை பாதி உயர்ந்தது. சிஞ்சு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வைத்துவிட்டால், பிறகு அவன் ஒருநாளும் சொல்ல மாட்டான் என்று தெரிந்தது.

டிஜோ கையை இறக்கினான்.

"என்னைச் சாமின்னு கூப்பிடாதீங்கக்கா. நான் செமினாரிய விட்டு வந்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆந்திராவுக்கு நான் போகல. கொச்சியில ஒரு சாப்பாட்டுக் கடையில அடுப்புல நிக்கேன். பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

ராமலட்சுமி குழந்தையை மெதுவாகத் திருப்பித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கூடியிருந்தவர்கள் இருதயம்மாளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கால் கழுவிய ஈரம் சொட்ட, உள்ளே போனாள். மகனும் மகளும் பின்னால் போனதும் கதவைச் சாத்தினாள்.

ஃபாக்டரியிலிருந்து வேதமுத்து வரும்வரை அவள் பற்றவைக்காத அடுப்பின் முன்னால் இருந்தாள். வேதமுத்துவுக்கு வழியிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் உள்ளே வந்து மகனைப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

அதுதான் இருதயம்மாளை உடைத்தது. "இவன்கிட்டப் போயி சாப்பிட்டியான்னு கேக்கீரே. அந்த மணி சத்தத்தக் கேளும். அது எந்தக் கோயில் மணின்னு கேளும்."

டிஜோ சொன்னான். சிஞ்சுவிடம் சொன்னதை அப்படியே, ஒன்றும் குறைக்காமல் சொன்னான். கேட்கக் கேட்க அம்மாவின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, அப்படியே நின்றுவிட்டது.

"படிக்க முடியலன்னா முடியலன்னு சொல்லிருக்கலாம்," என்றாள் கடைசியில். "நான் அழுதிருப்பேன். ரெண்டு நா கெடந்திருப்பேன். எந்திரிச்சிருப்பேன். ஆனா மணி அடிக்கும்போது நான் போனப் பிடிச்சிக்கிட்டு சிலுவை போட்டு ஜெபம் சொல்லுவேன்டா. ஒவ்வொரு வாரமும். அத நீ அங்க நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்க."

வேதமுத்து குனிந்து அடுப்பைப் பற்றவைத்தார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வரை அவள் மகனோடு பேசவில்லை. சோறு போட்டாள், தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வேலைக்குப் போனபோது அவளோடு கொளுந்து எடுத்தவர்களும் பேசவில்லை. பரிதாபமா, ஏமாந்த கோபமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. 'சாமியாரம்மா' என்று கூப்பிட முடியாது. 'இருதயம்மா' என்று கூப்பிட்டும் பழக்கமில்லை. அதனால் எதுவும் கூப்பிடாமல் விட்டார்கள்.

ஞாயிறு காலையில் அவள் டிஜோவின் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் வைத்தாள். "கிளம்பு," என்றாள்.

பூசை முடிந்து கூட்டம் கோயில் வாசலில் நின்றபோது, அவள் மகனை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். "லயத்துல பாதிப்பேருக்குத்தான் சொன்னான். மீதிப்பேரும் கேக்கட்டும். சொல்லு."

அவன் மறுபடியும் சொன்னான். கோயில் உபதேசியார் தரையைப் பார்த்தார். முதல் பூசைக்குப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே நடந்தார். அவர் பின்னால் சிலர் போனார்கள். போகாதவர்களும் பக்கத்தில் வரவில்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. கல் பாவிய அந்த வாசலில் டிஜோவைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகக் கிடந்தது.

இருதயம்மாள் அந்த வட்டத்துக்குள் போய் அவன் பக்கத்தில் நின்றாள். முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"கேட்டாச்சுல்லா. இனிமே எதுனாலும் இவன்கிட்டயே கேளுங்க. என்கிட்ட யாரும் வந்து கேக்கப்பிடாது," என்றாள்.

பிறகு நடக்கத் தொடங்கினாள். வளைவு வரை போனதும் கையிலிருந்த பையை, திரும்பிப் பார்க்காமலே, பின்னால் நீட்டினாள். டிஜோ வாங்கிக்கொண்டான்.

ஜோஸ் எல்லாவற்றையும் பாண்டீஸ்வரன் மூலம் கேள்விப்பட்டார். அவருக்கு அதிர்ச்சி எல்லாம் இல்லை. "அப்ப பர்கர் தெரிஞ்ச ஆளு வீட்டுலயே இருக்கானா?" என்றுதான் கேட்டார். அடுத்த வாரம் டிஜோ கடை அடுக்களைக்குள் நின்றான். புதிதாக ஒரு இரும்புத் தட்டு வந்தது. முதல் நாள் பன் காய்ந்து போனது, மூணாறு குளிரில் வெண்ணெய் உறைந்தது, பாண்டீஸ்வரன் திட்டினார். பிறகு சரியாகியது. அணைக்கு வந்த பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைப்பது நின்றது. எஸ்டேட் ஆட்கள் சிலர் அவனைப் பார்க்கவே வந்து, பார்க்காத மாதிரி டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

வேதமுத்து ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்தார். மகன் கொண்டுவந்து வைத்த பர்கரைத் திறந்து, மேல் பன், கறி, கீழ் பன் என்று தனித்தனியாக எடுத்து வைத்து, சோறு தின்கிற மாதிரி பிசையப் பார்த்தார். முடியாமல் போகவே ஒவ்வொன்றாகத் தின்று முடித்தார். "நல்லாத்தான் இருக்கு. இதுவும் ஒழுங்கா வேல பாக்கிற மாதிரிதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். டிஜோ அடுக்களைக்குள் போய், வெங்காயம் உரிப்பவன் போல உட்கார்ந்து, அழுது தீர்த்தான்.

அதற்குப் பிறகுதான் நிமியின் போன் வந்தது. டிஜோவுக்கு இல்லை, சிஞ்சுவுக்கு. அவன் விட்டுப்போன இடம் இன்னும் காலி என்றாள். கடையைப் பெரிதாக்கப் போகிறாள். ருசி பார்த்து முகத்துக்கு நேராகச் சொல்கிற ஒரு ஆள் வேண்டும். தங்க இடம் உண்டு, கடையிலிருந்து நடக்கிற தூரம். வர முடியுமா?

சிஞ்சு இரண்டு நாள் அதை மனதுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள். கவுண்டரில் நிற்கும்போது சாலையைப் பார்த்தாள். வருகிற வண்டிகளைவிடத் திரும்பிப் போகிற வண்டிகள் அவள் கண்ணில் பட்டன. மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"நான் கொச்சிக்குப் போறேன். நிமி கடைக்கு. வேலைக்கு."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. மகன் செமினாரியை விட்டான் என்று கேட்டபோதுகூட அவள் முகம் இப்படி ஆனதில்லை. அன்று அடிபட்ட மாதிரி இருந்தது. இன்று, இத்தனை காலம் வீட்டிலேயே இருந்த ஒரு பொருள் எழுந்து பேசிவிட்ட மாதிரி மகளைப் பார்த்தாள்.

"நீயுமா," என்றாள். "நீ போயிட்டா வீட்டுல யாரு இருக்கா?"

"அண்ணன் இருக்கான்."

"அவன் ஆம்பளப் பய. அவனுக்கு என்ன தெரியும்?"

"சமைக்கத் தெரியும். ஒனக்கு முட்டு வலி வந்தா தைலம் போடச் சொல்லிக் குடுத்திருக்கேன். அப்பாவுக்கு மாத்திரை எப்பன்னும் தெரியும்." சிஞ்சு தண்ணீரை எடுத்துக் குடித்தாள். "அவன் போனப்ப ஊரெல்லாம் கூட்டி ஜெபம் வச்சு அனுப்புனீங்க. எனக்கு ஜெபம்லாம் வேண்டாம். இந்தத் தடவ போகாதன்னு சொல்லாம இருந்தாப் போதும்."

டிஜோ தலையைக் குனிந்துகொண்டான். வேதமுத்து மனைவியைப் பார்த்தார். இருதயம்மாள் சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவனை அனுப்பினோம், ஒருத்தியை வைத்துக்கொண்டோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வைத்துக்கொண்டவளிடம் இருக்கிறாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எழுந்து கை கழுவினாள்.

போகிற நாள் காலையில் சிஞ்சு பையைக் கட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பை பிரிந்து கிடந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். போகவிட மாட்டாளோ என்று சிஞ்சு வாசலிலேயே நின்றாள்.

"அங்க குளிக்க வெந்நீர் கெடைக்குமா?" என்றாள் இருதயம்மாள், தலை நிமிராமல்.

"அங்க வெந்நீரே வேண்டாம்மா. எந்நேரமும் வெக்கை."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். மடித்த துணிகளுக்கு அடியில் கிடந்த இரண்டு கம்பளி ஸ்வெட்டரையும் உருவி வெளியே வைத்தாள். அந்த இடத்தில் தன் புதுப் பருத்திச் சேலை ஒன்றை வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.